முழங்காலில் கிடைத்த ஓடு

முள்ளுக்குள் முதலில் தலையைக் கொடுத்தவள் அமலா. கபடி ஆடிய காலத்திலும் அப்படித்தான், யோசிப்பதற்கு முன்னால் பாய்ந்துவிடுவாள். அவள் பின்னால் அரிவாளோடு யாஸ்மின். அவளுக்கும் பின்னால், ஒரு சின்னத் துணிமூட்டையை இறுக்கிப் பிடித்தபடி செண்பகம். கருங்குளத்தின் பழைய பெண்கள் கபடி அணியில் ஊரோடு தங்கிவிட்டவர்கள் இந்த மூன்று பேர்தான். மற்ற நால்வரும் கல்யாணமாகித் திசைக்கொன்றாகப் போய்விட்டார்கள்.

இருட்டுவதற்குள் நரிமேட்டில் ஒரு குழியைக் கண்டுபிடித்தாக வேண்டும். விடிந்தால் சாலை போட மண்ணெடுக்கும் பொக்லைன் வந்து மேட்டையே வழித்துக்கொண்டு போய்விடும்.

எல்லாம் செண்பகம் ஆரம்பித்து வைத்தது. ஊர்க் கபடித் திடலில் ஒரு மழை பெய்தால் போதும், கறுப்பும் சிவப்புமாகப் பானை ஓடுகள் எட்டிப்பார்க்கும். தையல் கடைக்குப் போகிற வழியில் அவற்றைப் பொறுக்கிச் சேர்த்தவள், திடலுக்கு அடியில் ஒரு பழைய ஊரே புதைந்திருக்கிறது என்று தொல்லியல் துறைக்குச் சொல்லி அனுப்பினாள். அலுவலர் இளவழகன் இன்றைக்குத்தான் வந்தார். ஊரே கூடி நிற்க, சதுரமாக ஒரு குழி வெட்டினார். ஓடு வந்தது. ஓட்டுக்கு அடியில் ரப்பர் செருப்பு வந்தது. அதற்கும் அடியில் சோடா மூடி வந்தது. ஆதிகாலத்திலேயே இங்கே சோடாக் கடை இருந்திருக்கிறது என்று கூட்டத்தில் ஒருவன் சொல்ல, சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. செண்பகத்தின் முகம் செத்துப்போனது.

இளவழகன் சிரிக்கவில்லை. ஓடு மிகப் பழையதுதான், ஆனால் எங்கிருந்தோ கொண்டுவந்து கொட்டிய மண்ணில் கிடக்கிறது, அது முதலில் இருந்த இடம் தெரியாமல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். தோழிகள் மூவருக்கும் ஒரே நேரத்தில் சுருக்கென்றது. கொண்டுவந்து கொட்டியதே அவர்கள்தானே! வருஷா வருஷம் பொங்கல் போட்டிக்கு முன்னால், விழுந்தால் அடிபடாத பொடிமண்ணை நரிமேட்டிலிருந்து டிராக்டரில் அள்ளிவந்து திடலில் பரப்பியவர்கள் அவர்கள். அவர்கள் அதைச் சொன்னதும், இடத்தைக் காட்டினால் இன்றைக்கே மேட்டில் மண்ணெடுப்பதை நிறுத்தச் சொல்கிறேன் என்று அலுவலர் முடிப்பதற்குள் அமலா கிளம்பியிருந்தாள்.

அன்றைக்கு வெட்டவெளியாகக் கிடந்த மேடு. இன்றைக்கு ஆள் நுழைய முடியாத சீமைக்கருவேலங் காடு. சுற்றிச் சுற்றி வந்ததில் கையெல்லாம் கீறல்தான் மிச்சம். கடைசியில் கண்மாய் மடையின் கல்தூண் மட்டும் அகப்பட்டது. யாஸ்மின் அதைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

“டிராக்டரு மேட்டுல ஏறாது. இங்கனதான் நிக்கும். குழியிலருந்து இதுவரைக்கும் நாம ஏழு பேரும் வரிசையா நின்னு கூடைய மாத்துவோம்ல? அந்த வரிசைதான்டி வழி.”

எந்தப் பக்கமாக என்று அமலா கேட்டாள். டிராக்டர் ஓரத்தில் நிற்பவள் அவள்தான். கூடை வாங்கும்போதெல்லாம் காலை வெயில் மூஞ்சியில் அடிக்கிறது என்று திட்டுவாளே, அதை நினைவுபடுத்தினாள் யாஸ்மின். அப்படியானால் கிழக்கு!

மூன்று பேரும் கைக்குக் கை எட்டுகிற தூரத்தில் நின்றார்கள். பின்னால் இருப்பவள் முள்ளை வெட்டிக்கொண்டு முன்னால் போய் நிற்க வேண்டும், அப்புறம் அடுத்தவள். ஒவ்வோர் இடத்திலும் அங்கே நின்றவளின் பெயரைச் செண்பகம் சொன்னாள். இது சரோசா. இது பேச்சி. இது தனம், பாதிக் கூடையைச் சிந்திவிட்டுப் பக்கத்தில் நிற்பவளைத் திட்டுவாள். எத்தனை நல்ல காலைகள் அவை! பிலோமினா, யாஸ்மின். கடைசி இடம் மண்வெட்டி பிடித்த செண்பகத்தினுடையது. அங்கே கால் வைத்தவள் சரிந்து, சருகு மூடிய பள்ளத்துக்குள் விழுந்தாள்.

கீழிருந்து சத்தமே வரவில்லை. மற்ற இருவரும் பதறிப்போய் எட்டிப்பார்த்தார்கள். செண்பகம் குழியின் சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள். வேர்களுக்கு நடுவே, குழந்தை உள்ளே உட்காரலாம் போலப் பெரிய தாழி ஒன்று. அதன் வாய் ஒரு பக்கம் உடைந்திருந்தது.

“இது என் மம்பட்டி வெட்டுடி,” என்றாள் செண்பகம். “கல்லுன்னு நெனச்சு உடைச்சிருக்கேன்.”

மேட்டின் அடியில் காத்திருந்த இளவழகன், அமலா போட்ட கூச்சலைக் கேட்டு முள்ளைப் பொருட்படுத்தாமல் ஓடிவந்தார். குழிக்குள் மண்டியிட்டுப் பார்த்தவர், அந்தத் தாழிக்குப் பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று என்று விரலால் காட்டினார். உடனே போனை எடுத்தார். மேட்டில் இனி யாரும் மண்ணெடுக்கக் கூடாது என்று அவர் சொன்னதைக் கேட்டு அமலா யாஸ்மினைத் தூக்கிச் சுற்றினாள்.

செண்பகம் மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே உள்ளங்கை அகலத்தில் தடித்த சிவப்பு ஓடு, விளிம்பில் வரிசையாக விரல் பதித்த தடம். அரையிறுதியில் அவள் விழுந்தபோது காலைக் கிழித்த ஓடு அது. அந்த ஆட்டம் தோற்றுப்போனது. கோப்பைக்குப் பதிலாக இத்தனை வருஷமும் தையல் மெஷின் டப்பாவில் இதை வைத்திருந்தாள். கொடுக்க மனமில்லாமல்தான் கொடுத்தாள்.

இளவழகன் அதை உடைந்த வாயில் வைத்தார். சிக்கென்று பொருந்தியது. எந்தக் குயவனுடையதோ, அந்த விரல் தடம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து ஓடியது.

பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தார். எந்தப் பொருளானாலும் கிடைத்த இடத்தை எழுத வேண்டுமாம்.

“இது எங்க கெடச்சதும்மா?”

செண்பகம் சேலையைச் சற்றே உயர்த்தி, முழங்காலுக்குக் கீழே இருந்த பழைய தழும்பைத் தொட்டாள்.

“இங்க.”

இளவழகன் பேனாவோடு ஒரு கணம் தயங்கினார். அப்புறம் கபடித் திடல் என்று எழுதி, பக்கத்திலேயே அவள் பெயரையும் எழுதினார்.