டிக்கியில் ஒரு பிரசவ வலி

'வீஈஈல்...!'

போன் அலறியது.

அழகு நிலைய நாற்காலியில் கண்மூடிச் சாய்ந்திருந்தவள் துள்ளி எழுந்தாள். தலையில் பாதி கறுப்புச் சாயம். மீதிப் பாதி நரை. கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் துணி.

"ஆடாதே அக்கா! காதெல்லாம் கறுப்பாகுது!" பிரஷ்ஷோடு கத்தினாள் கடையின் சொந்தக்காரி. அவளுடைய தங்கை.

"அந்த போனை எடு."

"வாரத்துக்கு ஒரு நாள் லீவு. அன்னிக்கும் ஆஸ்பத்திரிதானா?"

"ஆஸ்பத்திரி இல்லடி. வழிவிடு!"

"நான் எங்க மறிச்சேன்?"

"ஐயோ... ஆப் பேரு 'வழிவிடு'!"

எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கான செயலி அது. ஊரில் கார்கள் பெருகிவிட்டன. பொது சார்ஜர்கள் பெருகவில்லை. எந்த சார்ஜரில் யார் வண்டி நிற்கிறது, எப்போது இடம் விடுவார், அடுத்தது யார்... எல்லாம் அதில் தெரியும். ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக் கொள்ளலாம். தலை போகிற அவசரம் என்றால் சிவப்பு பட்டன். அழுத்தினால், சார்ஜரைப் பிடித்து வைத்திருப்பவரின் போன் இப்படித்தான் வீறிடும்.

அங்கே யாரும் சொந்தப் பெயரில் இருப்பதில்லை. இவள் பெயர் 'வார்டு அக்கா'. பிரசவ வார்டில் இருபத்திரண்டு வருடம் நர்ஸ். ஊரில் பாதிப் பேரைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டியவள்.

செய்தி 'அமைதி விரும்பி' என்பவரிடமிருந்து வந்திருந்தது.

'ப்ளீஸ்! வண்டியில் 2% தான் இருக்கு. மனைவிக்குப் பிரசவ வலி! சார்ஜரை விடுங்க!'

அவ்வளவுதான்.

வார்டு அக்கா கைப்பையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தாள்.

"அக்கா! மண்டையில டை!"

"மண்டை எங்கயும் போகாது. குழந்தை நிக்காதுடி!"

*

நூலகத்தின் பின்பக்கம். மத்தியான வெயில். இரண்டு சார்ஜர் கம்பங்கள். ஒன்று பழுது. மற்றதில் வார்டு அக்காவின் வெள்ளைக் கார் கால் மணி நேரமாகத்தான் மின்சாரம் குடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் ஒரு பழுப்பு நிறக் கார். கறுப்புக் கண்ணாடிகள். அதில் சாய்ந்தபடி இரண்டு ஆண்கள். ஒருவன் நெட்டை. ஒருவன் குட்டை.

மூச்சிரைக்க ஓடி வந்தவளையும் அவள் தலையையும் பார்த்து நெட்டை ஒரு அடி பின்வாங்கினான்.

"எங்கேப்பா அந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணு?"

"உன் பொண்டாட்டி!"

"ஓ... உள்ள. பின் சீட்டுல."

"கதவைத் திற. நான் பிரசவ வார்டு நர்ஸ். பார்த்துடறேன்."

இரண்டு முகங்களிலும் ஒரே நேரத்தில் ரத்தம் இறங்கியது.

"வேணாம் சிஸ்டர்! அவ ரொம்பக் கூச்ச சுபாவம்!"

"வலி வந்தா கூச்சம் போயிடும். எத்தனாவது மாசம்?"

"ஏழு," என்றான் நெட்டை.

"பத்து!" என்றான் குட்டை.

"எத்தனாவது பிரசவம்?"

"முதல்..."

"மூணாவது!"

வார்டு அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பனிக்குடம் உடைஞ்சுடுச்சா?"

நெட்டை பதறிப் போனான். "சத்தியமா நாங்க எதையும் உடைக்கல சிஸ்டர்!"

அந்த நேரத்தில்...

'டம்!'

டிக்கிக்குள்ளிருந்து.

'டம்... டம்!'

"அது என்ன சத்தம்?"

"ஸ்டெப்னி," என்றான் குட்டை.

"ஸ்டெப்னி உதைக்குமா?"

"வெயிலுக்கு... டயர் விரியும் இல்ல..."

டயர் விரியலாம். ஆனால் எந்த டயரும் 'ம்ம்ம்' என்று முனகாது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் காட்டவில்லை. ரத்தம், அலறல், கத்தரிக்கோல்... எல்லாவற்றுக்கும் நடுவில் சிரித்துப் பழகிய முகம் அது.

"சரி சரி. மூணாவது பிரசவம்னா அவ்வளவு பயம் இல்ல. முதல்ல வண்டிக்கு உயிர் கொடுப்போம். என் கணக்கிலேயே சார்ஜ் போட்டு விடறேன். இல்லேன்னா நீங்க வரிசையில நிக்கணும்."

"உங்களுக்குப் புண்ணியமா போகும் சிஸ்டர்!" நெட்டை கைகூப்பினான்.

தன் காரிலிருந்து கேபிளைக் கழற்றினாள். பழுப்புக் காரில் சொருகினாள். போனைத் தட்டினாள்.

'க்ளக்!'

கேபிள் காரோடு பூட்டிக்கொண்டது. இனி அவள் போனில் நிறுத்தினால்தான் அது கழலும். அதுவரை பழுப்புக் கார், தொழுவத்தில் கட்டிய மாடு!

இது அவளுக்குத் தெரியும். பாவம், அவர்களுக்குத் தெரியாது.

"ஆஸ்பத்திரிக்குச் சொல்லி வைக்கிறேன்," என்று தங்கையின் எண்ணை அழுத்தினாள்.

"ஹலோ, லேபர் வார்டா?"

"அக்கா... இது பார்லர்!"

"ஆமா டாக்டர். நூலகத்துக்குப் பின்னாடி. ஒரு கேஸ். டிக்கியில... அதாவது, ரொம்ப இக்கட்டுல மாட்டியிருக்கு. கூட ரெண்டு பேர் இருக்காங்க. நம்ம அப்பா வேலை பார்த்த இடத்துக்குச் சொல்லி உடனே ஆள் அனுப்புங்க."

"அப்பா வேலை பார்த்த இடமா? அது போலீஸ் ஸ்டே... அக்கா!!"

"அதேதான் டாக்டர். வச்சிடறேன்."

அடுத்து, சார்ஜ் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பதுபோல் செயலியைத் திறந்தாள். இந்த சார்ஜருக்காகக் காத்திருப்பவர்கள் பதினோரு பேர். எல்லோருக்கும் ஒரே செய்தி.

'டிக்கியில் ஆளைக் கட்டி வச்சிருக்காங்க. போலீஸ் வர்ற வரைக்கும் வழியை அடைக்கணும். எல்லாரும் வாங்க. ஹாரன் வேண்டாம்.'

*

சார்ஜ்... இருபது சதவீதம்.

"போதும் சிஸ்டர். கிளம்பறோம்," என்றான் குட்டை.

"அதுக்குள்ளயா? வழியில நின்னுடும்."

"நாலு மணிக்குள்ள போயாகணும்!"

"குழந்தை நேரம் சொல்லிட்டா வருது?"

குட்டை கேபிளைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. காலை உந்தி இழுத்தான். ம்ஹூம்! அவன் கண்கள் சுருங்கின. சட்டைக்குள் கைவிட்டான்.

பளபளவென்று ஒரு நீள ஸ்க்ரூ டிரைவர்!

மறு நொடி அவன் இடது கை அவள் தலைமுடியை வளைத்துப் பிடித்தது. கூர்முனை கழுத்தில்.

"உனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. கேபிளைக் கழட்டு!"

வார்டு அக்காவின் மனதில் தங்கை முகம் வந்து போனது. ஆனாலும் குரல் நடுங்கவில்லை.

"கழட்டறேன்பா. முதல்ல கையை எடு. அந்த டை ஆறு வாரத்துக்குப் போகாது. போலீஸ் உன்னை விரலை வச்சே கண்டுபிடிச்சுடும்."

குட்டை அனிச்சையாகக் கையை எடுத்துப் பார்த்தான்.

மணிக்கட்டு வரை கன்னங்கரேல்!

அந்த ஒரு நொடி போதும். குனிந்தாள். நழுவினாள். குட்டை பாய்ந்தான்... பாதியில் சிலையானான்.

எதிரே ஒரு நீலக் கார்.

எப்போது வந்தது? சத்தமே இல்லை!

திரும்பினான். ஒரு சிவப்புக் கார். அதன் பின்னால் ஒரு பச்சை. வலதுபுறம் மூன்று. இடதுபுறம் ஐந்து. புலிகள் போலப் பதுங்கிப் பதுங்கி, ஒரு உறுமல்கூட இல்லாமல் வந்து வளைத்திருந்தன.

பதினோரு கதவுகள் திறந்தன.

"யாருடா அது, வரிசையில பூந்தது?" என்றார் முதலில் இறங்கிய கணக்கு வாத்தியார். கையில் ஒரு அடி நீளத்துக்குக் குடை.

ஸ்க்ரூ டிரைவர் தரையில் விழுந்தது.

*

போலீஸ் வந்தது... ஒரே ஒரு மோட்டார் பைக்கில்.

ஓட்டி வந்தவர் ஒரு ஒல்லி கான்ஸ்டபிள். பின்சீட்டிலிருந்து, இரண்டு கைகளாலும் இடுப்பைத் தாங்கியபடி மெல்ல இறங்கினாள் இன்ஸ்பெக்டர்.

நிறைமாத வயிறு!

"ஜீப் ஒர்க் ஷாப்புல," என்றாள், யாரும் கேட்காமலேயே. "நாளையிலேருந்து எனக்கு லீவு. இன்னிக்குன்னு பார்த்துக் கடத்தறானுங்க. திறங்க அதை!"

டிக்கி திறந்தது.

உள்ளே வாயில் டேப், கைகளில் கயிறு... கோட்டு சூட்டோடு ஒரு வழுக்கைத் தலைக்காரர். டேப்பைப் பிரித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"மணி என்ன?"

"மூணரை. யார் சார் நீங்க?"

"நகைக்கடை மேனேஜர். நாலு மணிக்குள்ள என் கட்டைவிரலை வச்சாதான் பெட்டகம் திறக்கும். இன்னிக்குக் கடைக்கு விடுமுறை. அதுக்காகத்தான்... ஐயோ, என்ன கொடுமை!"

இன்ஸ்பெக்டர் நெட்டையை முறைத்தாள். "ஒரு விரலுக்காக முழு ஆளையும் தூக்கிட்டு வந்தீங்களாடா?"

"விரலை மட்டும் எடுத்துட்டு வர மனசு வரல மேடம்," என்றான் அவன் பரிதாபமாக.

வார்டு அக்கா மேனேஜரின் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி பார்த்தாள். கைக்கடிகாரத்தில் அரை நிமிடம் ஓடியது. அவள் புருவங்கள் மேலே போய்க் கீழே வந்தன.

அவள் எதுவும் சொல்வதற்குள்...

"அம்ம்மா...!"

இன்ஸ்பெக்டர் காரைப் பிடித்துக்கொண்டு மடங்கினாள். காலடியில் தண்ணீர்.

வார்டு அக்கா ஒரே தாவலில் அவளிடம் போனாள். கையை வைத்துப் பார்த்தாள்.

"எத்தனை நேரமா வலி?"

"காலையிலேருந்து... வாயுன்னு நினைச்சேன்..."

"வாயுவுக்கு இன்னும் அரை மணி நேரத்துல பேர் வைக்கணும்! ஆம்புலன்ஸ்?"

"நாற்பது நிமிஷமாம்!" என்றார் போனோடு நின்ற கணக்கு வாத்தியார்.

"யார் வண்டியில சார்ஜ் இருக்கு?"

பதினோரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று சதவீதம். ஐந்து. இரண்டு. 'நான் தள்ளிக்கிட்டுத்தான் வந்தேன்' என்றது ஒரு குரல். சார்ஜ் இருந்தால் அவர்கள் ஏன் வரிசையில் நிற்கப் போகிறார்கள்? வார்டு அக்காவின் காரிலோ ஒன்பது. ஆஸ்பத்திரிக்குப் போதாது.

பழுப்புக் காரில்... முப்பத்தொன்று!

வார்டு அக்கா முடிவெடுத்தாள். "கான்ஸ்டபிள், குட்டையைக் கம்பத்தோட சேர்த்து விலங்கு போடுங்க. வண்டியை நீங்க..."

"எனக்கு ரெண்டு சக்கரம்தான் சிஸ்டர் தெரியும்!"

"அப்ப முன்சீட்டுல உட்காருங்க. டேய் நெட்டை! உன் வண்டி உனக்குத்தான் பழக்கம். ஏறு! ஓட்டு!"

போனைத் தட்டிக் கேபிளைக் கழற்றி, நீலக் காரை விலகச் சொல்லிவிட்டு ஏறப் போனவள் நின்றாள். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்த மேனேஜருக்கு பலமான அதிர்ச்சி. ஆடவே கூடாது. படுக்க வையுங்க. ரெண்டு பேர் காலை உயரத் தூக்கிப் பிடிங்க. ரெண்டு பேர் தோளை அமுக்கிக்குங்க. எழுந்து ஓடப் பார்ப்பார்... விடவே விடாதீங்க. உயிருக்கு ஆபத்து!"

"நான் நல்லாத்தாம்மா இருக்கேன்!" என்று மேனேஜர் அலறினார்.

"பார்த்தீங்களா? இது அதிர்ச்சியோட முதல் அறிகுறி."

எட்டுக் கைகள் அவரைப் பாசத்தோடு அமுக்கின.

*

"வேகமா போடா!"

"சரி மேடம்!"

"மெதுவாடா, பள்ளம்!"

"சரி மேடம்!"

"அம்ம்ம்மா...! உன்னைத் தூக்குல போடறேன்டா!"

நெட்டையின் கைகள் ஸ்டியரிங்கில் கதக்களி ஆடின. வியர்வை கண்ணை மறைத்தது. பின்சீட்டில் வார்டு அக்கா முழங்காலிட்டிருந்தாள்.

"மூச்சை இழுத்து விடு கண்ணு... அப்படித்தான்... தலை தெரியுது!"

கான்ஸ்டபிள் ஆர்வத்தில் திரும்பிப் பார்த்தார். அதோடு சரி. விழிகள் மேலே செருக, டாஷ்போர்டில் சாய்ந்தார்.

"முக்கு! இன்னும் ஒரு தடவை!"

இன்ஸ்பெக்டர் போட்ட கூச்சலில் நெட்டைக்கு உள்ளே என்னவோ அறுந்தது.

"சொல்லிடறேன் மேடம்! எல்லாத்தையும் சொல்லிடறேன்! திட்டம் எங்களோடது இல்ல! அந்த மேனேஜரோடது!"

"என்ன...து?"

"கடத்திட்டுப் போய் மிரட்டித் திறக்க வச்சாங்கன்னு கேமராவுக்கு முன்னால அழுவாராம். வேலைக்கும் ஆபத்து இல்ல, நகையும் கிடைக்கும்னு சொன்னாரு! ஏன்டா லேட்டுன்னுதான் டிக்கிக்குள்ள உதைச்சாரு!"

இன்ஸ்பெக்டர் வலியோடு வலியாக எழப் பார்த்தாள். "ஐயோ... அந்த ஆளை அங்கேயே விட்டுட்டு வந்துட்டோமே! ஓடியிருப்பானே!"

"படு கண்ணு. எங்க ஓடறது? அமுக்கிப் பிடிக்கத்தானே நாலு பேரை வச்சுட்டு வந்திருக்கேன்?"

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சிஸ்டர்?"

"டிக்கியில ஒரு மணி நேரம் கட்டிக் கிடந்த மனுஷனுக்கு நாடி நூத்தி இருபது இருக்கணும். இவருக்கு எழுபத்திரண்டு. எனக்கே அப்ப நூத்தி பத்து! சரி, அதெல்லாம் அப்புறம். இப்ப... முக்கு!"

"அம்மாஆஆ!"

வார்டு அக்கா ஒரு குட்டி முதுகில் தட்டினாள்.

பிறகு, காருக்குள் ஒரு புதுக் குரல் வீறிட்டது.

வார்டு அக்கா குழந்தையைத் துணியில் சுருட்டித் தாயின் மார்பில் வைத்தாள். ஆயிரக்கணக்கில் பார்த்தவள்தான். ஆனாலும் கண் கலங்கியது. சாயம் வழிந்த கன்னத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"பொண்ணு!"

முன்சீட்டில் நெட்டை தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான். "என்னால தாங்க முடியல சிஸ்டர்..."

"நீ ரோட்டைப் பாருடா!"

*

ஆஸ்பத்திரி வாசல். ஸ்ட்ரெச்சர் வந்தது. மயக்கம் தெளிந்த கான்ஸ்டபிள், ஒரு கையால் நெட்டையைப் பிடித்தபடி அசடு வழிய நின்றார்.

"மேடம்... மேனேஜரை வேற ஸ்டேஷன் ஆளுங்க தூக்கிட்டாங்களாம். அந்த பதினோரு பேரும் காலை விடவே மாட்டேன்னுட்டாங்களாம். ஆனா ஒரு சிக்கல்..."

"என்னய்யா?"

"இவன் வாக்குமூலம் கொடுத்தப்ப நான் மயக்கத்துல இருந்தேன். சாட்சின்னு பார்த்தா சிஸ்டர் ஒருத்தர்தான். எழுத ரெண்டாவது ஆள் வேணுமே?"

களைத்துப் போன இன்ஸ்பெக்டர், மார்பில் கிடந்த குட்டி மூட்டையைப் பார்த்துச் சிரித்தாள்.

"எழுதிக்கோய்யா. ரெண்டாவது சாட்சி... பெண். வயசு பதினோரு நிமிஷம். பழைய முகவரி... என் வயிறு!"