இடது நாற்காலி

“இடது பக்கம் இருக்கிற அக்கா வாயை லேசாத் திறந்திருக்காங்களே, வேணும்னே அப்படி வெச்சீங்களா?”

படம் எடுப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் மோரெனிகே கேட்டிருந்த கேள்வி அது. கெஹிண்டே சிரித்துக்கொண்டாள். வலது பக்கம் இருப்பவளும் அவள்தான், இடது பக்கம் இருப்பவளும் அவள்தான். நாற்காலியில் ஒரே தடவை உட்கார்ந்து, ஒரே படம் எடுத்து, அதை மடிக்கணினியில் பிரதி செய்து இடவலமாகத் திருப்பிப் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். ஒருத்தி வாயை மூடியிருந்தால் மற்றவளும் மூடியபடிதான் இருந்தாக வேண்டும்.

இருந்தும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வலது முகத்தில் உதடுகள் அழுந்த மூடியிருந்தன. இடது முகத்தில், இரண்டு உதடுகளுக்கும் நடுவே, நூல் அளவுக்கு இருட்டு.

திரையைத் துணியால் துடைத்தாள். பாலைவனப் புழுதியை அள்ளிவரும் ஹர்மட்டான் காற்று தொடங்கிவிட்டிருந்த நாட்கள் அவை. இபதான் நகரத்தின் துருப்பிடித்த தகரக் கூரைகள் எல்லாம் புழுதிக்குப் பின்னால் மங்கிக் கிடந்தன. எத்தனை தடவை கூட்டினாலும் தரையில் கால் வைத்தால் நறநறத்தது. நாக்கில் மண் ருசி, மூக்கில் எங்கோ புல் எரியும் வாசனை, உதடுகளில் வெடிப்பு. திரையில் எப்போதும் ஒரு மெல்லிய மாவு படிந்திருக்கும். துடைத்த பிறகும் அந்த நூல் அங்கேயே இருந்தது.

போன ஹர்மட்டானில்தான் அவளோடு இரட்டையாகப் பிறந்த டைவோ போனாள். லாகோஸில் வேலைக்குப் போன இடத்தில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் வருஷ ஜெபம். அதற்குள் இந்தப் படம் சட்டம் போட்டு முன்னறைச் சுவரில் மாட்டப்பட வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். தெருவே இன்னும் அவளை இயா இபேஜி, இரட்டைப் பிள்ளைக்காரி, என்றுதான் கூப்பிட்டது. ஆனால் இந்த ஒரு வருஷமாகக் கூப்பிடும் முன் எல்லோரும் கொஞ்சம் தயங்கினார்கள்.

“ரெண்டு பேரும் முன்னாடி தனித்தனியா எடுத்த படத்த ஒட்டிக் குடுத்தா ஆகாதாம்மா?” என்று கெஹிண்டே முதலில் கேட்டிருந்தாள்.

“ஆகாது. இருக்கிறவதான் போனவளுக்கும் சேத்து உக்காரணும். ஒரே சட்டத்துக்குள்ள ரெண்டு பேரும் இருந்தாத்தான் அவளுக்கு மனசு ஆறும். இல்லன்னா உன்னக் கூப்பிட ஆரம்பிச்சிருவா.” அம்மா காராமணியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். “அவ கூப்பிட்டா நீ போயிருவ. எனக்குத் தெரியும். பொறந்தப்பவே அப்படித்தான்.”

“நான்தான பின்னாடி வந்தவ.”

“பின்னாடி வந்தவதான் மூத்தவ. உலகம் எப்படி இருக்குன்னு போய்ப் பாருடின்னு அவள மொதல்ல அனுப்பிட்டு நீ உள்ளயே சொகமாப் படுத்திருந்த. அவ வெளிய வந்து, நல்லாத்தான் இருக்கு, வான்னு வீல்னு கத்துனா. அந்தச் சத்தத்தக் கேட்டப்புறம்தான் மகாராணி எறங்கி வந்தீங்க. பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான? வாத்தியார் கோவமா இருக்காரான்னு பாத்துட்டு வான்னு அவளத்தான தள்ளிவிடுவ.”

அன்று இருவரும் சிரித்தார்கள். பல மாதங்களுக்குப் பிறகு.

கெஹிண்டே வலது முகத்தின் உதடுகளை வெட்டி எடுத்து, திருப்பி, இடது முகத்தில் ஒட்டினாள். விளிம்புகளைக் கரைத்தாள். இப்போது இரண்டு வாய்களும் ஒன்றுதான். அத்தோடு விடாமல் புதிதாக ஒன்றையும் செய்து பார்த்தாள்: நிறங்களை வடித்துவிட்டு, அவுரி நீலத்தை மட்டும் மேலாடைகளில் மிச்சம் வைத்து, ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த புழுதியைத் தனியாகப் படம் பிடித்து அதை மெல்லிய திரைபோல மேலே பரப்பினாள். பழைய ஸ்டூடியோ படம் ஒன்று பெட்டிக்குள்ளிருந்து கிடைத்ததுபோல இருந்தது. பிடித்திருந்தது. குழுவில் போட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருக்கவில்லை என்று தனக்கே காட்டிக்கொள்ளத் துணி காயப் போடப் போனாள். ஒரு துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

சந்தையை ஒட்டி ஸ்டூடியோ வைத்திருக்கும் சிக்கிரு அண்ணன் குரல் பதிவு அனுப்பியிருந்தார். அவர் எதையும் தட்டச்சு செய்வதில்லை.

“அடியே கெஹிண்டே, புழுதி வேல பிரமாதம். எங்கப்பா பாத்திருந்தா உன்ன வேலைக்கு வெச்சிருப்பாரு, சம்பளம் மட்டும் குடுத்திருக்க மாட்டாரு. ஆனா இடது பக்கத்துப் பொண்ணுக்கு எதுக்கு வாயத் தொறந்து விட்ட? பல்லு தெரியுது பாரு. ஏதோ சொல்ல வர்ற மாதிரி இருக்கு.”

கீழே யாரோ சிரிப்பு முகங்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள்.

அவள் படத்தைத் திறந்தாள். பல் தெரிந்தது. கீழ்ப் பல்வரிசையின் ஓரம், ஈரமாக.

மடிக்கணினியை மூடினாள். எழுந்து தண்ணீர் குடித்தாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். எதிர்வீட்டு ஜெனரேட்டர் இருமி இருமி உயிர் பிடித்தது. மூலப் படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தாள். அதில் ஒருத்திதான், வாயை இறுக மூடி, கேமராவை நேராகப் பார்த்தபடி. சிக்கிரு அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“அண்ணே, நான் வாயத் தொறந்து விடவே இல்ல. ஒரே படத்தத்தான் ரெண்டா ஒட்டினேன்.”



“ஒரே தடவதான் உக்காந்தியா?”

“ஆமா. எதுக்கு ரெண்டு தடவ? கம்ப்யூட்டர் இருக்குல்ல.”

“சோம்பேறிக் கழுத. எங்கப்பா கடையில இந்தப் படத்துக்கு வர்றவங்கள ஒரு நாற்காலியில உக்கார வெச்சு எடுப்பாரு. அப்புறம் எந்திரிக்கச் சொல்லுவாரு. துணிய மாத்தச் சொல்லுவாரு. செத்துப்போனவங்க துணி. அடுத்த நாற்காலியில உக்கார வெச்சு, கொஞ்ச நேரம் சும்மா இருக்க விட்டுட்டு, அப்புறம்தான் அடுத்தத எடுப்பாரு. போனவங்களுக்கும் உக்கார நேரம் குடுக்கணும்ல? நீ இடமே குடுக்காம உன் மூஞ்சியக் கொண்டுபோய் அங்க ஒட்டியிருக்க. அப்புறம் அவ கத்தாம என்ன செய்வா?” பிறகு அவரே சிரித்தார். “சும்மா சொன்னேன். போய் ஒழுங்கா உக்காந்து எடு. நாளைக்கு அச்சுப் படத்த வாங்க அம்மாவ வரச் சொல்லியிருக்கேன்.”

சிரிப்பு அவள் காதில் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் அம்மா சந்தைக்குப் போன நேரத்தில் கெஹிண்டே டைவோவின் பெட்டியைத் திறந்தாள். அவுரிச் சாயத்தின் புளித்த வாசனையும், ஷியா வெண்ணெயும், அவற்றுக்கு அடியில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த துணிகளின் மருந்து நாற்றமும் ஒன்றாக எழுந்து வந்தன. மேலாடை அவளுக்குச் சரியாகப் பொருந்தியது. பொருந்தத்தானே செய்யும். முன்னறையில் இரண்டு நாற்காலிகளைப் போட்டு, அதற்கு முன்பே தன் துணியில் வலது பக்கம் உட்கார்ந்து ஒன்று எடுத்திருந்தாள். இப்போது இடது பக்கம். கேமராவை நேரம் வைத்துத் தானாகவே எடுக்கும்படி விட்டுவிட்டு உட்கார்ந்தாள். இருக்கை சூடாக இருந்தது.

வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தாள். ஜன்னல் மறுபக்கம் இருந்தது.

உதடுகளைச் சேர்த்து அழுத்தினாள். பற்கள் உள்ளே பதிகிற அளவுக்கு. கேமராவின் சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு எரிந்தது. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. ஆனால் அதில் யாரோ உட்கார்ந்துகொண்டு இவளைத் திரும்பிப் பார்ப்பதாகக் கன்னத்தில் ஒரு கூச்சம். திரும்பவில்லை. படம் விழுந்த சத்தம் கேட்டதும் மேலாடையைக் கழற்றி வீசிவிட்டு அடுத்த அறைக்கு ஓடினாள்.

இரண்டு படங்களையும் இணைத்தாள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டே விளிம்புகளைக் கரைத்தாள், புழுதியைப் பரப்பினாள், குழுவில் போட்டாள். சிக்கிரு அண்ணனுக்கும் அனுப்பினாள். முகங்களைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று இருந்தாள்.

பாராட்டுகள் வந்து விழுந்தன. உயிரோட இருக்கு. உடம்பு சிலிர்க்குது. இப்பத்தான் ரெண்டு பேரும் வேற வேற ஆளாத் தெரியறாங்க.

பிறகு மோரெனிகே: “அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. அவங்க அழறாங்களா, யாரையாவது கூப்பிடறாங்களா?”

பிறகு சிக்கிரு அண்ணனின் குரல்: “அச்சுப் போட்டாச்சு, சட்டமும் போட்டாச்சு, அம்மா வாங்கிட்டுக் கெளம்பிட்டாங்க. ஒரே ஒரு கொற. வலது பக்கம் நீதான? நீ எதுக்குடி கேமராவப் பாக்காம அவ பக்கம் திரும்பிட்ட?”

அவள் திரும்பவில்லை. வலது படத்தில் நேராகத்தான் பார்த்தாள்.

மடிக்கணினியில் இருந்த படக் கோப்பை அழித்தாள். குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள். குழுவிலிருந்து படத்தை நீக்கினாள். தவறான இடத்தில் அழுத்தி, மறுபடி அழுத்தி, ஒரு வழியாக எல்லாம் போயிற்று. போய்விட்டது. இனி சுவரில் மாட்டப்போகிற ஒன்று மட்டும்தான். அம்மாவிடம் சொல்லி அதையும் கொளுத்திவிடலாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு எடுத்துக்கொள்ளலாம்.

பொழுது சாயும் நேரம் குளியலறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. செய்தித்தாள் கிழிபடும் சத்தம். ஆணியில் சட்டம் இடிபடும் சத்தம்.

“அம்மா, மாட்டாதீங்க!”

“மாட்டியாச்சு! வந்து பாரு, கண்ணு பட்டுரும்போல.” அம்மாவின் செருப்புச் சத்தம் சமையலறைப் பக்கம் போனது. “காராமணி வெச்சிருக்கேன். டைவோவுக்கும் சேத்து ரெண்டு தட்டுப் போடறேன், இன்னைக்கு நீ ஒண்ணும் சொல்லக் கூடாது.”

செம்பனை எண்ணெய் காயும் வாசனை வந்தது. கெஹிண்டே முன்னறைக்குள் கால் வைத்தபோது மின்சாரம் போனது. மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. வழக்கமாக உடனே கிளம்பும் ஜெனரேட்டர்களில் ஒன்றுகூடக் கிளம்பவில்லை. தெருவில் ஆள் பேச்சு இல்லை. புழுதியில் வடிகட்டி வந்த கடைசி வெளிச்சம் ஜன்னல் வழியாகச் சுவரில் விழுந்திருந்தது.

ஒரு குழந்தை அழுதது.

பக்கத்து வீட்டுக் குழந்தையாக இருக்கும் என்று நினைத்தாள். பக்கத்து வீட்டில் குழந்தை இல்லை. பிறந்த குழந்தையின் அழுகை. ஈரமான, ஓங்கிய, மூச்சு வாங்கி வாங்கி எழும் ஒரே சத்தம். அது வெளியிலிருந்து வரவில்லை.

சுவரில் டைவோ கண்களை இறுக்கி மூடியிருந்தாள். முகமே வாயாக இருந்தது. அகன்று, வட்டமாக, உள்ளே எதுவும் தெரியாத கறுப்பாக.

நல்லாத்தான் இருக்கு. வா.

கெஹிண்டே காதுகளைப் பொத்தினாள். சத்தம் குறையவில்லை. பின்னால் நகரப் பார்த்தாள். கழுத்து தானாக இடப்பக்கம் திரும்பியது. மெதுவாக. தடுக்க முடியவில்லை.

அழுகை நின்றது.

அம்மா டார்ச் விளக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையிலும் இரண்டு தட்டுகளோடு உள்ளே வந்தாள்.

“கெஹிண்டே?”

கைநீட்டினால் தொடும் தூரம். விளக்கு வெளிச்சம் கெஹிண்டே நின்ற இடத்தின்மேல் விழுந்து, எதன்மேலும் தங்காமல், தரையில் போய்ப் படிந்தது.

“எங்க போனா இந்தப் பொண்ணு? கெஹிண்டே!” அம்மா கொஞ்ச நேரம் காது கொடுத்துப் பார்த்தாள். பிறகு படத்தை அண்ணாந்து பார்த்தாள். அவள் முகம் இளகியது. தட்டுகள் இரண்டையும் அதன் அடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“ரெண்டு பேரும் சண்ட போடாம சாப்பிடுங்க.”

அம்மா என்று கத்த வாயெடுத்தாள் கெஹிண்டே.

படத்தில் இடது பக்கத்துப் பெண் வாயை மூடியிருந்தாள். வலது பக்கத்துப் பெண்ணின் உதடுகளுக்கு நடுவே, நூல் அளவுக்கு இருட்டு.