கனைப்புக்கு ஒரு பதில்

எங்கள் குடும்பத்தில் யாரும் ஓர் அறைக்குள் சட்டென்று நுழைவதில்லை. வாசலில் நின்று தொண்டையைக் கனைக்க வேண்டும். உள்ளே இருப்பவர் 'வாங்க' என்ற பிறகுதான் காலெடுத்து வைக்க வேண்டும். என் தகப்பனார் வைத்த ஒழுங்கு அது. மனைவி போன பிறகு என் அறையில் பதில் சொல்ல ஆளில்லை. ஆனாலும் கனைத்துவிட்டுத்தான் நுழைகிறேன். ஆளில்லை என்பதற்காக மரியாதையை விட்டுவிட முடியாது.

அந்த விடுமுறைக்கு மலைமேல் ஏரியில் படகில் போவதாகத் திட்டம். பாதி மலை ஏறுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. படகுத்துறையை மூடிவிட்டார்கள் என்று எதிரே வந்த லாரிக்காரர் சொன்னார். மகன் வண்டியைப் பழைய விருந்தினர் மாளிகை ஒன்றின் முன் நிறுத்தினான்.

நீண்ட ஓட்டுக் கட்டடம். ஊறிப்போன மரத்தின் வாடை. காவலாளி சாவிக்கொத்தோடு வந்து இரண்டு அறைகளைத் திறந்துவிட்டார். முன்னறை மகன் குடும்பத்துக்கு, கடைசி அறை எனக்கு.

"எல்லாரும் ஒரே ரூம்ல இருந்துக்கலாமே மாமா. குளிருக்கு இதமா இருக்கும்," என்றாள் மருமகள்.

"அது முறையில்லம்மா."

"உங்க முறைக்கு மட்டும் ஜலதோஷமே பிடிக்காது," என்று சிரித்தாள். வாய்தான் நீளம், மனசு சுத்தம்.

தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது என் அறை. கதவு ஒருக்களித்திருந்தது. பழக்கத்தில் கனைத்தேன்.

"வாங்க," என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

யாரோ படுக்கை விரிக்கிறார்கள் என்று நினைத்துக் கதவைத் தள்ளினேன்.

யாருமில்லை.

ஒரு கட்டில், ஓர் அலமாரி, சாலையைப் பார்த்துப் போட்ட ஒரு பிரம்பு நாற்காலி. யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் அந்தப் பிரம்பு மெல்ல முனகிக்கொண்டிருந்தது.

நான் சின்னச் சின்ன ஊர்களில் தனியாளாக ஸ்டேஷன் மாஸ்டர் வேலை பார்த்தவன். ஒரு குரலுக்குப் பயந்து ஓடுகிறவன் அல்ல. பெட்டியை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். நாற்காலியில் மட்டும் ஏனோ உட்காரவில்லை.

பிற்பகலில் மழை விட்டது. பேத்தி கிளம்பியே ஆக வேண்டும் என்று நின்றாள். குட்டி வக்கீல் என்றுதான் அவளைக் கூப்பிடுவோம்.

"படகுதானே இல்ல? ஏரி அங்கேயேதானே இருக்கு? பார்த்துட்டு வந்துடலாம்."

"நீங்களும் வாங்கப்பா," என்றான் மகன்.

"முழங்கால் வலிக்குது. போயிட்டு வாங்க."

அவன் ஒரு முறைதான் கேட்டான். இன்னொரு முறை கேட்டிருந்தால் போயிருப்பேன்.

வண்டிச் சத்தம் வளைவில் தேய்ந்து மறைந்ததும் மழை மறுபடி இறங்கியது. மின்சாரம் போனது. பொழுது சாயும் முன்பே அறைக்குள் இருட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. காவலாளி மெழுகுவத்தி கொண்டுவந்தார். வாசற்படியைத் தாண்டவில்லை, கையை மட்டும் நீட்டினார்.

"ஐயா, இந்த ரூம் வாசல்ல கனைச்சீங்களா?" ரகசியம் போலக் கேட்டார்.

"எங்க வழக்கம் அது."

"இங்க ஒரு பெரியவர் தங்கியிருந்தாரு. இதே மாதிரி மழை. அவங்க வீட்டு ஆளுங்க ஏரிக்குப் போனாங்க. இவரு கால் வலின்னு அந்த நாற்காலியிலேயே இருந்துட்டாரு. ரோடு சரிஞ்சு வண்டி பள்ளத்துல போயிடுச்சு. விஷயத்தைச் சொல்லியும் மனுஷன் எழுந்திரிக்கல. வாசப் பக்கம் சத்தம் கேட்டாப் போதும், வாங்க, வாங்கன்னுதான். கடைசி மூச்சு வரைக்கும் அதே சொல்லுதான்."

அவர் போய்விட்டார். ஓட்டில் மழை. ஜன்னலுக்கு வெளியே சாலை இருந்த இடத்தில் வெறும் பனிமூட்டம்.

ஈரக் கம்பளியின் வாடை அறைக்குள் பரவியது.

நாற்காலி முனகியது.

"உங்க ஆளுங்களும் போயிட்டாங்களா?"

மெழுகுவத்தியின் சுடர் அசையவில்லை. வாசல் பக்கம் பார்த்தேன். ஆனால் பேசுகிறவர் என்னைவிட மூத்தவர் என்று குரலிலேயே தெரிந்தது. மூத்தவர் பேசும்போது எழுந்து போய்ப் பழக்கமில்லை.

"போயிருக்காங்க. வந்துடுவாங்க."

"எங்க ஆளுங்களும் அப்படித்தான் சொல்லிட்டுப் போனாங்க."

அதற்குப் பிறகு இருவரும் அந்தச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வளைவில் ஒரு வெளிச்சம் தெரிந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றிருந்தது. வெளிச்சம் வரவில்லை. மெழுகுவத்தி பாதியாகக் கரைந்தது. என் அறையில் இன்னொருவர் மூச்சு விடுவதைக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது என்று, அந்தப் பயத்திலும், ஒரு கணம் நினைத்துக்கொண்டேன்.

முழுதாக இருட்டும் நேரத்தில் வளைவில் விளக்கு தெரிந்தது.

"தாத்தா, ரோட்டுல மரம் விழுந்துடுச்சு! அப்பா தள்ளவே முடியாம தள்ளினாரு!" என்று பேத்தி வெளியிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். இப்போதே கீழே இறங்குகிறோம் என்றேன். மகன் பெட்டிகளை வண்டியில் ஏற்றினான்.

உட்காரவைத்துப் பேசியவரிடம் சொல்லாமல் கிளம்பிய பழக்கம் எங்கள் வம்சத்தில் இல்லை. வாசலில் திரும்பி நின்று, நாற்காலியைப் பார்த்துக் கை குவித்தேன்.

"போயிட்டு வர்றோம். நீங்களும் ஒரு தடவை நம்ம வீட்டுக்கு வரணும்."

முனகல் நின்றது.

தாழ்வாரத்தில் காவலாளியின் கையிலிருந்து சாவிக்கொத்து விழுந்தது. "ஐயா... என்ன வார்த்தை சொல்லிட்டீங்க! யாரும் கூப்பிடாததாலதான் அவரு இங்கேயே இருந்தாரு."

மரியாதைக்குச் சொன்னதைத் தவறென்று இன்றும் சொல்ல மாட்டேன்.

நேற்று சாயங்காலம் எங்கள் ஊரில் மழை. மகனும் பேத்தியும் வெளியே போயிருந்தார்கள். நான் என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கூடத்து வாசலில் யாரோ கனைத்தார்கள்.

நான் கனைப்பது போலவே.

கூப்பிட்டவன் நான். பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான். எழுந்து சாத்திய கதவு வரை போய் நின்றேன். வெளியே அவசரமில்லை. சற்றுப் பொறுத்து, அதே பணிவோடு, மறுபடி ஒரு கனைப்பு.

சமையலறையிலிருந்து மருமகளின் குரல் கேட்டது.

"இந்த மழையில எங்க போனீங்க மாமா? வாங்க, வாங்க. உட்காருங்க, டீ கொண்டு வர்றேன்."

கூடத்தில் நாற்காலி மெல்ல முனகியது.