சிவப்புத் துணி கட்டிய குச்சிகள்

அன்று காலை நிதானத்தின் வீட்டுக் கதவைத் தட்டியவர் நில அறக்கட்டளையின் செயலாளர் அம்மாள். ஊரார் சேர்ந்து வாங்கி, கட்டடம் எழும்பாமல் பறவைகளுக்காகக் காத்துவரும் ஏரிக்கரைப் புல்வெளி அவர் பொறுப்பில் இருந்தது. எதற்கும் பதறாததால் நிதானம் என்றே பெயராகிவிட்ட அந்தத் துப்பறிவாளரிடம், ஆட்காட்டிப் பறவைகளின் முட்டைகள் களவு போவதைச் சொல்லும்போது செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆட்காட்டி தரையிலேயே முட்டையிடும். மண் நிறத்து முட்டை யார் கண்ணிலும் படாது. களை பிடுங்க வருகிறவர்கள் மிதித்துவிடக் கூடாதே என்று, ஒவ்வொரு கூட்டின் பக்கத்திலும் சிவப்புத் துணி கட்டிய குச்சியை அவர் தன் கையாலேயே நட்டிருந்தார். அந்தக் கூடுகள்தாம் காலியாயின. துணி தீர்ந்துபோய்க் குச்சி நடாமல் விட்ட ஒரே கூட்டில் குஞ்சு பொரித்திருந்தது.

"முதல்ல குச்சி வச்ச கூடெல்லாம் ஒரு வாரமாவது தாங்கிச்சு. இப்ப நட்ட மறுநாளே காலியாயிடுது" என்றார்.

புதர் மண்டாமலிருக்க அங்கே ஆடு மேய்க்க அனுமதி பெற்றிருந்த ஆட்டுக்காரம்மா மேல்தான் அறக்கட்டளைக் குழுவினரின் சந்தேகம். மாலைக் கூட்டத்தில் அந்த அனுமதியை ரத்து செய்யப்போகிறார்கள். வேறு மேய்ச்சல் இல்லாததால் அவர் ஆடுகளை விற்க வேண்டியதுதான்.

நிதானத்தின் மைத்துனருக்குத் துப்பறிவதென்றால் சோறு தண்ணி வேண்டாம். புல்வெளியில் இறங்கியதுமே ஒரு குச்சியருகே குளம்புத் தடத்தைக் கண்டுபிடித்துவிட்டு, குச்சியில் கட்டிய துணியில் வெள்ளைக் கறை என்று முகம் சுளித்தார். நிதானம் அதைக் கேட்டுக்கொண்டே புல்வெளியில் இருந்த ஒற்றை மரத்தடிக்குப் போய், துளை விழுந்த முட்டை ஓடுகளைப் பொறுக்கி வந்தார். பிறகு செயலாளரையும் ஆட்டுக்காரம்மாவையும் புல்வெளி ஓரத்துக் கருவிக் கொட்டகைக்கு வரச் சொன்னார்.

"அத்தான், குளம்புத் தடம் இருக்கே, போதாதா?" என்றார் மைத்துனர்.

"தடம் புல்வெளி முழுக்க இருக்கு மச்சான். ஆடு மிதிச்சிருந்தா ஓடு கூட்டுலயே நசுங்கிக் கிடக்கும். மனுஷன் எடுத்தா முழுசா எடுத்துட்டுப் போவான், மரத்தடியில துளை போட்டுக் குடிக்க மாட்டான். குச்சி இல்லாத கூடு தப்பிச்சிடுச்சு. அப்போ திருடன் முட்டையைத் தேடல, குச்சியைத்தான் தேடுறான். முதல்ல ஒரு வாரம் ஆச்சு, இப்ப ஒரு நாள் போதும். நாளாக நாளாக நல்லாவே கத்துக்கிட்டான்."

கூடே இல்லாத வெறுந்தரையில் அவர் ஒரு குச்சியை நட்டுவிட்டு வந்தார். நால்வரும் கொட்டகைக்குள் மறைந்து நின்று பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் மரத்திலிருந்து ஒரு காகம் இறங்கி, குச்சியின் மேல் உட்கார்ந்து துணியில் எச்சமிட்டது. பிறகு கீழே குதித்து, வைத்த பொருளைத் தேடுவதுபோல் குச்சியைச் சுற்றிச் சுற்றி வந்தது. மைத்துனர் தன் தலையில் தானே குட்டிக்கொண்டார்.

"அப்போ ஒவ்வொரு கூட்டையும் நானே காட்டிக் கொடுத்திருக்கேன்" என்றார் செயலாளர் அம்மாள். அவர் அழுததைப் பார்க்க மைத்துனருக்கே பாவமாக இருந்தது.

"கண்ணும் கருத்துமா பார்த்துக்கிட்டதுல வந்த தப்பும்மா. குச்சியை எடுத்துட்டு, முட்டை இருக்கிற காலத்துல களை பிடுங்குறதைத் தள்ளி வச்சுடுங்க" என்றார் நிதானம்.

செயலாளர் ஆட்டுக்காரம்மாவின் பக்கம் திரும்பினார். "கூட்டத்துல முதல்ல நான்தான் பேசுவேன். தப்பு என்னோடதுன்னு சொல்லிடுறேன். நீங்களும் வந்து உட்காரணும்."

"என்னைத் திருடின்னு நினைச்சீங்களேன்னு ஆத்திரம் இருக்கத்தான் செய்யுது, இல்லேன்னு சொல்ல மாட்டேன்" என்றார் ஆட்டுக்காரம்மா. "வர்றேன். அதுக்கு முன்னாடி அந்தக் குச்சிங்களைப் பிடுங்கிடலாம், வாங்க."

இரண்டு பெண்களும் புல்வெளியில் இறங்கினார்கள். செயலாளர் பிடுங்கிக் கொடுத்த குச்சிகளை ஆட்டுக்காரம்மா வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டே போனார். ஆடுகள் பின்னால் வந்தன. யாரும் அவற்றை விரட்டவில்லை.