கட்டைவிரல் நாடி

கணவரின் புறங்கையில், நரம்பு என்று எல்லோரும் சொல்கிற அந்த நீலச் சிரை துடித்துக்கொண்டிருந்தது. பகல் வேலை முடிந்து வந்து, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அவர் கட்டிலில் உட்கார்ந்த நர்ஸுக்கு, அசதியில் கண்தான் ஏமாற்றுகிறது என்று முதலில் பட்டது. சிரை துடிக்காது. இதயம் உந்தித் தள்ளுகிற வேகமெல்லாம் தமனியோடு சரி; மயிரிழைக் குழாய்களில் நுழைந்து வெளியே வருவதற்குள் ரத்தம் அடங்கிப்போய், சிரை வழியாகச் சத்தமில்லாமல் வீடு திரும்பும். சுவரில் ஊசி குத்தினாலும் இவள் ரத்தம் எடுத்துவிடுவாள் என்று வார்டில் கேலி செய்வார்கள். அவளுக்குத் தெரியாத சிரையா?

இந்த இதயம் ரொம்ப நாள் தாங்காது என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். "என் உயிரைக் குடுத்தாவது இவரைக் காப்பாத்துவேன்" என்று டாக்டரிடம் வீம்பாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அன்றிலிருந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டால்தான் அவருக்குத் தூக்கம். ஆள் தேறிக்கொண்டே வந்தார். அவள்தான் நாளுக்கு நாள் வெளிறிப்போனாள். கண் முழித்த களைப்பு என்று வார்டில் சொல்லிச் சமாளித்தாள்.

வெளியே மழை. ஜன்னலைச் சாத்திய அறையில் ஈரத்துணி வாடையும் மருந்து நெடியும் கலந்து கிடக்க, மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகிக்கொண்டு ஓடியது.

மணிக்கட்டின் ஓரத்துப் பள்ளத்தில் இரண்டு விரல்களை வைத்தாள். தமனி ஓடுகிற இடம். ஒன்றுமில்லை. அழுத்தினாள். ஒன்றுமில்லை.

பதறிப்போய்க் கட்டைவிரலை வைத்தாள். துடித்தது, நிதானமாக. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

பிறகுதான் உறைத்தது. பயிற்சிக்கு வருகிறவர்கள் முதல் வாரத்தில் செய்கிற தப்பு இது. கட்டைவிரலுக்குள் சொந்தமாகத் தமனி ஓடுகிறது. அந்த விரலை வைத்து நாடி பார்த்தால் தெரிவது பார்க்கிறவரின் துடிப்பு. இத்தனை நாளும் அவர் கையைப் பிடித்தபடி கட்டைவிரலால்தான் பார்த்திருக்கிறாள். கைதேர்ந்தவள் என்ற பெயர் வேறு.

பயத்தில் அவள் நெஞ்சு வேகமாக அடித்தது.

அவர் கைச் சிரையும் வேகமாக அடித்தது.

கையை இழுத்தாள். வரவில்லை. அவர் பிடிக்கவே இல்லை. அவர் விரல்கள் தளர்ந்து, விரிந்து கிடந்தன. நகங்கள் ரோஜா நிறத்தில் இருந்தன.

"ஏங்க. விடுங்க."

"எடுக்காதம்மா." கண்ணைத் திறக்கவில்லை. "இப்பதான் நல்லா இருக்கு."

தன் கையைப் பார்த்தாள். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. சிரை தேடினாள். ஒன்றுகூட இல்லை. கட்டைவிரல் நுனியில் மட்டும் ஒரு நீலக் கோடு. அவளிடமிருந்து கிளம்பி, விரல் தொட்ட இடத்தில் நிற்காமல், அவர் தோலுக்கடியில் இறங்கியது.

துடித்தது.

"அந்தக் கையையும் குடு."

மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். மடியிலிருந்த கைப்பை தரையில் விழுந்தது. அதைப் பிடித்திருந்த கை, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளங்கையை விரித்துக்கொண்டு அவரிடம் போனது.