பவுடர் தூவிய எஞ்சின்

சொட்டிய ஆயில் சூடாக இருந்தது.

பாப்பாராவ் விரலை முகர்ந்து பார்த்தான். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் கருகல் வாடை. ஆனால் அந்தப் பழைய வெள்ளைக் காரை ரத்தாலம்மா நேற்று மாலையே கயிறு கட்டி இழுத்து வந்து விட்டுப் போயிருந்தாள். அதன் பிறகு யாரும் சாவியைத் தொடவில்லை.

தசரா நாள். விஜயவாடா ஆட்டோ நகரில் எல்லா மெக்கானிக் ஷெட்டும் பூட்டிக் கிடக்க, அவனுடைய ஸ்பானர்களும் ஜாக்கியும் குங்குமப் பொட்டோடு துர்கம்மா படத்தின் முன்னால் இருந்தன. போன தசராவிலும் தெருவில் ஆளில்லை. அன்றுதான், இதே காருக்கு அடியில் கூட்டாளி அப்பலசாமி படுத்திருந்தபோது, பாப்பாராவ் ஜாக்கியின் வால்வைத் திறந்து காரை அவன் நெஞ்சின் மேல் இறக்கிக் கொன்றான். ஷெட் அவனுக்கு மட்டும் என்றானது. ஜாக்கி வழுக்கியது என்று ஊர் நம்பியது. அப்பலசாமியின் மனைவி ரத்தாலம்மா நம்பினாளா என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லீக் எங்கன்னு இன்னைக்கே பாத்துடு அண்ணய்யா."

"இன்னைக்குக் கருவியத் தொடக்கூடாதும்மா. நாளைக்கு வா."

"போன தசராவுக்கு அவர மட்டும் தொட வெச்சியே?" என்று சிரித்தாள். "உனக்கு ஒரு சாமி, அவருக்கு ஒரு சாமியா?"

அவளும் காரும் இங்கிருந்து போனால் போதும் என்றிருந்தது அவனுக்கு. எஞ்சினை டீசல் விட்டுக் கழுவி, துணியால் துடைத்துக் காயவைத்து, புது ஆயில் ஊற்றி, முகத்துக்குப் போடும் பவுடரை அதன் மேல் முழுக்கத் தூவினான். எஞ்சின் ஓடும்போது வெள்ளையில் ஒரு கறுப்புக் கோடு இறங்கும். கோட்டைப் பிடித்து மேலே போனால் ஓட்டை சிக்கிவிடும்.

ரத்தாலம்மா உள்ளே ஏறிச் சாவியைத் திருகினாள். மேலே ஈரமில்லை. பக்கத்தில் இல்லை. தரையில் மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது.

அடியில்தான் பார்க்க வேண்டும்.

படத்தின் முன்னாலிருந்த ஜாக்கியை எடுத்துக் காரைத் தூக்கி, நாலு மரக்கட்டைகளில் நிறுத்தினான். ஜாக்கியை நம்பவில்லை. தோளால் இடித்து ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. மல்லாந்து உள்ளே நகர்ந்து, ஆயில் தொட்டி மேல் பவுடரை அடித்தான். பாதி அவன் சட்டையிலேயே கொட்டியது. டார்ச்சைப் பிடித்தான்.

வெள்ளையில் கறுப்பு ஊறியது. கோடாக இல்லை.

ஐந்து விரல்கள். ஓர் உள்ளங்கை.

"ஆஃப் பண்ணும்மா!"

"அப்பவே பண்ணிட்டேனே."

சத்தம் நிற்கவில்லை. அது எஞ்சின் சத்தமும் இல்லை. நசுங்கிய நெஞ்சுக்குள் மூச்சு ஏறி இறங்கும் சத்தம்.

இன்னொரு கை. சற்றுக் கிட்டத்தில். அடுத்தது இன்னும் கிட்டத்தில்.

அப்புறம் தகரத்தில் எதுவும் பதியவில்லை.

ரத்தாலம்மாவின் பாதங்கள் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

"கெடச்சுதா அண்ணய்யா?"

வெளியே நகரக் காலை உதைத்தான். அவன் சட்டைப் பவுடரில், நெஞ்சுக்கு நேராக, ஒரு கறுப்புக் கை பதிந்தது. பக்கத்திலேயே இன்னொன்று.

மரக்கட்டைகள் அசையவில்லை. கார் அசையவில்லை.

கைகள் அழுத்தின.