பட்டுப்போன கறிவேப்பிலை

"அக்கா, என்ரை வீட்டில ஒரு கொலை நடந்திருக்கு. செய்தது ஆரெண்டும் எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் ஒருக்கா வந்து பாத்துச் சொன்னால்தான் மனம் ஆறும்."

பாலாம்பிகை தொலைபேசியை மேசையில் சத்தமாகப் பேசவிட்டுவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த ஜம்புநாதனுக்குக் கொலை என்ற சொல் காதில் விழுந்ததும் காப்பி மறந்துபோயிற்று. பனி பெய்கிற அந்த அயல்நாட்டு நகரில், கோட்-டெ-நெய்ஜ் பகுதி அடுக்குமாடியில் அவர் அடுத்த கதவுக்காரர். பல்கலைக்கழகத்தில் வெப்பவியல் கற்பித்து ஓய்வுபெற்றவர். மனைவி போன பிறகு, இந்த அம்மாள் துப்புத் துலக்கப் போகிற இடமெல்லாம் தொற்றிக்கொண்டு போவதுதான் அவருக்கு இருக்கிற ஒரே சுகம். பாலாம்பிகை காப்புறுதி நிறுவனமொன்றில் எரிந்த வீட்டையும் வெடித்த குழாயையும் பார்த்து, எது விபத்து, எது புளுகு என்று பிரித்துச் சொன்னவர். வேலையை விட்டாலும் ஆட்கள் அவரை விடவில்லை.

"செத்தது ஆர், சிவராசா?"

"கறிவேப்பிலை. மல்லிகை. செவ்வரத்தை. எல்லாம் அக்கா, எல்லாம்." அந்த மனிதரின் குரல் உடைந்துபோயிற்று.

ஜம்புநாதனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனாலும் கார்ச் சாவியை எடுத்தார்.

அதே நகரின் வடக்கே, கார்ட்டியர்வில்லில் சிவராசாவின் வீட்டு முன்கூடத்தில், நெஞ்சோடு தலையணையை அணைத்தபடி அவர் சாய்வு நாற்காலியில் கிடந்தார். மார்கழியில் இதய சத்திரசிகிச்சை. இருமினால் தையல் இழுக்குமென்று அந்தத் தலையணை. ஜன்னல் தொழிற்சாலையில் காலமெல்லாம் உழைத்த மனிதர், போன கோடை முழுக்கப் பின்வளவில் தானே ஒரு பசுமைக்குடில் கட்டினார். இந்த ஊர்க் குளிரிலும் கறிவேப்பிலையை உயிரோடு வைத்துக் காட்டுகிறேன் பார் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவர்.

"எனக்குப் பின்படி இறங்கக் கூடாதாம். என்ரை மனிசி ராணிதான் பின்னேரத்தில குடிலுக்குப் போய் ஹீட்டரைப் பாத்து, குளிர் அடிக்காமல் வாசல் கம்பளியை இறக்கிவிட்டு வாறவ. செவ்வாய் பின்னேரம் போய்ப் பாத்தவவாம், நல்லாத்தான் இருந்ததாம். புதன் விடிய எல்லாம் கருகிப்போச்சு எண்டு வந்து நிக்கிறா. ஒரே இரவில! கீழ்வீட்டில வாடகைக்கு இருக்கிற ரதீசன் தன்ரை கார் எஞ்சினைக் கறண்டில சூடாக்க அந்த ஹீட்டர்ப் பிளக்கைக் கழட்டியிருக்கிறான். கேட்டன். ஓமெண்டு ஒத்துக்கொண்டான். சனிக்கிழமைக்கிடையில வீட்டை விட்டு எழும்பச் சொல்லிப்போட்டன்."

"ஒத்துக்கொண்டிட்டான் எண்டால் பிறகேன் என்னைக் கூப்பிட்டனீங்கள்?"

சிவராசா தலையணையைத் தடவினார். "என்னை ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு ஓடினவனே அவன்தான். அப்பிடிப்பட்ட பெடியன் இப்பிடிச் செய்வானோ எண்டு மனம் அடிக்குது. இந்தக் குளிருக்கை எங்கை போவான் எண்டும் அடிக்குது. அவன் செய்யேல்லை எண்டு நீங்கள் சொன்னால் நான் விட்டிடுவன்."

பாலாம்பிகை ஊர்க்கதை பேசுகிறவர் போலக் கேட்டார்: "பொங்கல் எப்பிடிப் போச்சுது?"

"என்ன பொங்கல்! புகை எனக்குக் கூடாதெண்டு ராணி பானையே வைக்கேல்லை. தம்பி இரவிச்சந்திரனோட எண்டாலும் கதைப்பம் எண்டு பாத்தன். கனகாலமாக் கதை பேச்சில்லை, ஒரு விசர்ச் சண்டை. சாகக் கிடந்து எழும்பினாப் பிறகு அவன்ரை நினைவாவே கிடக்கு. ராணியிட்டைப் போனை அடிக்கச் சொன்னன், லைன் போகேல்லையாம். மீன் நல்லதெண்டு டாக்குத்தர் சொன்னவர், இவ மரக்கறியாப் போட்டு வாட்டுறா. வீட்டில திருநீறு கூட முடிஞ்சுபோச்சாம், பாருங்கோவன் என்ரை நெத்தியை."

உள்ளே அடுப்படியில் கத்திச் சத்தம் சட்டென்று நின்றது. யோகராணி வெளியே வரவில்லை.

பின்வளவுக்குப் போன ஜம்புநாதன் குடிலைக் கண்டு வாயைப் பிளந்தார். வடக்குச் சுவர் முழுக்கத் தடித்த ஃபோம் பலகை. மற்றப் பக்கங்களுக்கும் கூரைக்கும் இரட்டை அடுக்குப் பிளாஸ்டிக். அதற்கு உள்ளே சாமான் பொதிகிற குமிழித்தாள். பகல் வெயிலை வாங்கி இரவில் விடுவதற்குக் கறுப்பு மை பூசிய பெரிய தண்ணீர்ப் பீப்பாய்கள். ஓர் இடுக்குக்கூட விடாமல் அடைத்திருந்தார் மனிதர். இவ்வளவு பாடுபட்டும் கறிவேப்பிலை கறுத்துத் தொங்கியது, மல்லிகைக் கொடி தொட்டால் பொடிந்தது.

வாசல் கம்பளி இறங்கவில்லை. சுருட்டிய சுருட்டாக மேலே கயிற்றில் கட்டியிருந்தது. ஜம்புநாதன் பீப்பாயைத் தட்டினார், சரித்துப் பார்த்தார், காதை வைத்தார்.

"மேடம், இது அடிவரைக்கும் கட்டியா உறைஞ்சிருக்கு. இவ்வளவு தண்ணி, இவ்வளவு அடைப்புக்குள்ள, ஒரே ராத்திரியில உறையவே உறையாது. ஹீட்டர் நின்னு பல நாள் ஆயிருக்கணும்."

"அப்ப செவ்வாய் பின்னேரம் நல்லா இருந்தது எண்டது?"

"பொய். அந்தம்மா இங்க எட்டியே பாக்கல."

வீட்டுப் பின்சுவரில் இருந்த பிளக் பொயிண்டை அவர் அடுத்துப் பிடித்துக்கொண்டார். போன வாரத்துக்கு முந்தின வாரம் மழையாகப் பெய்து அப்படியே ஐஸாக இறுகியதல்லவா, அந்த ஐஸ் பிளக்கையும் பொயிண்டையும் சேர்த்து மூடியிருந்தது. கீறல்கூட இல்லை. பக்கத்தில், ஈரம் பட்டால் மின்சாரத்தை நிறுத்துகிற பாதுகாப்புப் பொத்தான் மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

"ஈரத்துல பொத்தான் தானா வெளிய வந்து கரண்ட் நின்னிருக்கு, மேடம். வந்து ஒரு அமுக்கு அமுக்கியிருந்தா எல்லாம் பொழைச்சிருக்கும். பிளக்கை ஒருத்தரும் கழட்டல. அந்தப் பையனும் பொய் சொல்றான்! தப்பிக்கப் பொய் சொல்ற ஆளைப் பாத்திருக்கேன். மாட்டிக்கப் பொய் சொல்ற ஆளை இப்பதான் பாக்கறேன்."

"ஒரே பொய்யை ரெண்டு பேர் காக்கினம், ப்ரொபெசர். வாங்கோ."

கீழ்வீட்டில் ரதீசன் உடுப்புகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வயதிருக்கும்.

"பிளக் ஐஸுக்குள்ளை இருக்கு, ராசா. நீர் அதைத் தொடேல்லை," என்றார் பாலாம்பிகை.

"நான்தான் செய்தனான், அக்கா. விட்டிடுங்கோ."

"நீர் எந்த ஊர்?"

"சுன்னாகம்."

"சிவராசாவின்ரை தம்பியும் அங்கைதானே இருக்கிறார்?"

அவன் கையிலிருந்த உடுப்பைக் கீழே வைத்தான். கண் நிறைந்துவிட்டது. பாலாம்பிகை அதற்குமேல் கேட்காமல் படியேறினார்.

அடுப்படியில் யோகராணி பூசணிக்காய் வெட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் தமிழ்க்கடைப் பொலித்தீன் பை, அதற்குள் பாதி வாடிய கறிவேப்பிலை. மூலையில் இருந்த சாமி அலுமாரியின் கதவு பூட்டிக் கிடந்தது.

"இது எப்ப வாங்கினது, ராணி?"

"போன கிழமை."

"போன கிழமை வளவுக்கை மரம் நிண்டது எண்டுதானே அவருக்குச் சொன்னனீங்கள்? வீட்டில மரத்தை வைச்சுக்கொண்டு கடையில இலை வாங்கினனீங்களோ?"

யோகராணி வெட்டின துண்டையே திரும்பத் திரும்ப வெட்டினார். அம்மாளுக்குச் செடிகள் மேல் ஏதோ வன்மம் என்று ஜம்புநாதன் மனசுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டார். பாலாம்பிகை போய்க் கத்தியை மெல்ல வாங்கி வைத்தார்.

"நீங்கள் அங்கை போகேல்லை. மறதியுமில்லை, சோம்பலுமில்லை. துடக்கு, சாவுத் தீட்டு. அதுதான் பொங்கேல்லை, சாமி அலுமாரி பூட்டு, மீன் இல்லை. சாமிக்குப் பூ எடுக்கிற செடிகளை நீங்கள் தொடமாட்டியள். உங்கடை பக்கத்துச் சாவோ எண்டு பாத்தன். கலியாணம் கட்டின பொம்பிளைக்குப் பிறந்தவீட்டுத் துடக்கு இவ்வளவு நாள் இழுக்காது, புருசனுக்கும் வராது. நீங்கள் அவருக்கும் திருநீறு குடுக்காமல் ஒளிச்சுப்போட்டியள். அப்ப செத்தது அவரின்ரை ஆள். அவருக்கு இருக்கிறது ஒரேயொரு தம்பி. பொங்கலண்டு லைன் போகாத தம்பி."

ஜம்புநாதனுக்குத் தான் எழுதிய தீர்ப்பை நினைத்து வெட்கமாகப் போயிற்று.

யோகராணி அலுமாரியோடு சரிந்து நிலத்தில் குந்திவிட்டார். "புதுவருசம் கழிஞ்ச கிழமை. நித்திரையிலயே போயிட்டார். ரதீசன்ரை தாய்தான் எடுத்துச் சொன்னவ. இவருக்கு அதிர்ச்சி ஒண்டும் குடுக்கவேண்டாம் எண்டு டாக்குத்தர் சொன்னவர், அக்கா. நான் என்ன செய்ய? துடக்கோட தொட்டால் மரம் பட்டுப்போகும் எண்டு பயந்தன். ஹீட்டர் தன்பாட்டுக்கு ஓடுந்தானே எண்டு இருந்திட்டன். நான் தொடாமல் விட்டுத்தான் அது செத்துது." வாயைச் சேலைத் தலைப்பால் அடைத்துக்கொண்டார். "உண்மை வெளியில வந்திடுமெண்டு, பழியைத் தான் ஏக்கிறன் எண்டான் ரதீசன். நானும் பேசாமல் இருந்திட்டன். பாவி நான்."

"பேசாமல் இருந்தால் சனிக்கிழமை அந்தப் பிள்ளை தெருவில, ராணி."

"சொல்லி, அவருக்கு ஏதும் நடந்தால்?"

"நடக்காது எண்டு நான் சொல்லமாட்டன். எனக்குத் தெரியாது." பாலாம்பிகையின் குரலும் தளர்ந்திருந்தது. "ஆனால் அந்த மனிசன் இல்லாத தம்பியோட கதைக்கக் காத்திருக்கிறார். அதையும் யோசியுங்கோ. நான் சொல்லட்டோ, நீங்கள் சொல்லுறியளோ?"

யோகராணி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ரதீசனைக் கூப்பிட்டு, அவசரத்துக்கு வைத்திருந்த மாத்திரையை அவன் கையில் கொடுத்தார். எல்லோரும் கூடத்துக்குப் போனார்கள்.

"இஞ்சாருங்கோப்பா," என்று யோகராணி கணவரின் காலடியில் உட்கார்ந்தார். "ரதீசன் ஒண்டும் செய்யேல்லை. நான்தான் குடிலுக்குப் போகேல்லை. எங்களுக்குத் துடக்கு."

சிவராசா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது.

"தம்பியோ?"

"ஓம்."

தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ரதீசன் ஓரடி முன்னே வந்தான். வேண்டாமென்று கையைக் காட்டினார்.

"பொங்கலண்டு நான் போன் அடிக்கச் சொல்லேக்கை..."

"அப்பவே இல்லையப்பா."

"ஆர் கொள்ளி வைச்சது?"

"தம்பியின்ரை மகள் துஷாந்தினி."

"அண்ணன்காரன் நான் உயிரோட இருக்க, அந்தப் பிள்ளை வைச்சதோ?" உதடு துடித்தது. பிறகு கேட்டார்: "முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்சுதோ?"

"இல்லை. இன்னும் நாள் கிடக்கு."

"அப்ப துடக்குக் கழியேல்லை." பெரிய ஏதோ கிடைத்துவிட்டதுபோல அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார் மனிதர். "கழியேல்லை, என்ன? நல்லகாலம் ராணி, இப்பவாவது சொன்னீர். மிச்ச நாளையாவது அவனுக்காகக் காக்கலாம்." ரதீசனின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்தினார். "நீ ஒரு இடமும் போகாதை, அப்பன். உன்ரை அம்மா செத்தவீட்டுக்குப் போனவவோ? என்ன நடந்தது, எல்லாத்தையும் சொல்லு. ஒண்டும் விடாமல் சொல்லு."

ரதீசன் சொல்லத் தொடங்கியதும் சிவராசா வாய்விட்டு அழுதார். அத்தனை நாளாகச் சத்தம் காட்டாமல் அடக்கிவைத்திருந்த யோகராணி, அவர் மடியில் தலையை அடித்துக்கொண்டு, "ஐயோ, என்ரை மச்சான்," என்று குரலெடுத்தார். அந்தக் குளிர்காலப் பிற்பகலில் வீடு செத்தவீடாயிற்று.

ஜம்புநாதன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, வழக்கப்படி "போயிட்டு வரோம்" என்று சொல்ல வாயெடுத்தார். பாலாம்பிகை அவர் கையை அழுத்தினார். செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு போகிற வழக்கமில்லை. இருவரும் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, பேசாமல் பனிக்குள் இறங்கினார்கள்.